நீலச் சொட்டு விழுந்த பல்பு

டிசம்பர் 20, சனி

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். இரண்டு வாரத்துக்கு முன்னால், டிசம்பர் ஆறாம் தேதி காலை சரியாக எட்டு இருபதுக்கு, இட்லித் தட்டோடு நின்ற லில்லியிடம், "அந்த பாத்ரூம் பல்பு போகப்போகுது, அது சிமிட்டுத விதமே சரியில்ல" என்று சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. பள்ளிக்கூடத்து பிசிக்ஸ் லேப்பில் முப்பத்தோரு வருஷம் அட்டெண்டராக இருந்தவன் நான். என் கையால் கம்பியும் பேட்டரியும் எடுத்துக் கொடுக்காமல் எந்த வாத்தியாரும் ஓம் விதியை நிரூபித்தது கிடையாது. ஆனால் வீட்டில் யார் மதிக்கிறார்கள்?

நேற்று மாலை சரியாக ஆறு நாற்பதுக்கு பல்பு ப்யூஸ் போனது. லில்லி சர்ச்சில் பெண்கள் கூட்டம் முடிந்து வந்து கால் கழுவப் போனாள். சுவிட்சைத் தட்டினால் எரியவில்லை. பழகின இடம்தானே என்று இருட்டுக்குள் காலை வைத்தாள். சோப்புத் தண்ணீர். வழுக்கி, வலது கணுக்கால் உடம்புக்கு அடியில் மாட்டி முறிந்துவிட்டது.

நான் அப்போது வாசலில் நின்று புது நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் சமாதானபுரத்திலேயே பெரிய கிறிஸ்துமஸ் நட்சத்திரம் நம் வீட்டில்தான். மூங்கில் சிம்பு வளைத்து, வெள்ளைக் காகிதம் ஒட்டி, ஓரத்துக்குச் சிவப்பு கொடுத்து நானே செய்தது. ஆறு மணிக்கெல்லாம் போட்டுவிட்டேன். தெருவே பிரகாசம். அப்போதுதான் உள்ளேயிருந்து சத்தம் கேட்டது.

ஒரே ஆளாகத் தூக்கி ஆட்டோவில் வைத்தேன். ஆட்டோக்காரர் ஒரு பக்கம் பிடித்தார். எதிர்வீட்டுக்காரர் கால் பக்கம்.

பிற்காலத்தில் இதைப் படிப்பவர்களுக்கு: லில்லி புஷ்பம் என் கூடப் பிறந்த தங்கை, வயது அறுபத்து மூன்று. வீடு அவள் வீட்டுக்காரர் கட்டியது. அவர் காலமான பிறகு அவளுக்குப் பாதுகாப்பாக நான் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. என் மனைவி போனபின் சோறு பொங்க ஆளில்லாமல் வந்தேன் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

பல்பு நல்ல பல்புதான். போன ஈஸ்டருக்கு பாத்ரூமுக்கு பெயின்ட் அடித்தவன் அதன் தலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நீலச் சொட்டு விட்டுவிட்டான். அதோடு எரிந்துகொண்டிருந்தது. ப்யூஸ் போனதைக் குப்பையில் போட்டாயிற்று.

டிசம்பர் 21, ஞாயிறு

ஆஸ்பத்திரி. கணுக்காலில் பிளேட் வைத்துவிட்டார்கள். ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது. எலும்பு எந்த இடத்தில் முறிந்திருக்கும் என்று நான் சொன்னது எக்ஸ்ரேயில் அப்படியே இருந்தது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

லில்லியின் மகன் கிங்ஸ்லி மதுரையிலிருந்து வந்துவிட்டான். கம்ப்யூட்டர் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிற வேலை. வீட்டிலும் அதே வேலைதான். நேரே பாத்ரூமைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

"மாமா, ஹோல்டர்ல பல்பே இல்லியே."

"ப்யூஸ் போனத வச்சு என்ன செய்ய? கழத்தித் தூரப் போட்டுட்டேன். நேத்து காலைல, ஒம்பது பத்துக்கு."

"எங்க போட்டிய?"

கட்டிலிலிருந்து லில்லி சொன்னாள்: "அண்ணன்தான் சொல்லுதாம்லா, ப்யூஸ் போச்சுன்னு. விடு."

மருந்து மயக்கத்திலும் அண்ணனை விட்டுக்கொடுக்கவில்லை. அதுதான் வளர்ப்பு.

டிசம்பர் 24, புதன்

கேரல் பாட்டுக்காரர்கள் வந்தார்கள். ஏன் நட்சத்திரம் எரியவில்லை என்று கேட்டார்கள். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் நட்சத்திரம் போடக் கூடாது, அது பழைய சபை ஒழுங்கு என்று விளக்கினேன். பாட்டுத் தலைவர் அப்படி ஒரு ஒழுங்கு கிடையாது என்றார். அவருக்கு வயது பத்தாது.

ஒரு பாட்டு பாடிவிட்டுப் போய்விட்டார்கள். வழக்கமாக நம் வீட்டில் மூன்று பாடுவார்கள். லில்லியின் முறுக்குக்காக.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். ஆஸ்பத்திரி கேன்டீனில் தயிர்ச் சோறு.

டிசம்பர் 27, சனி

இன்று டிஸ்சார்ஜ். லில்லியை நம் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கிங்ஸ்லி நேரே மதுரைக்குக் காரில் ஏற்றிவிட்டான். ஏற்றுவதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். மரியாதையாகத்தான் பேசினான்.

அவன் சொன்னது இவ்வளவு. பாத்ரூமை இடித்து வேறாகக் கட்ட வேண்டும்: வழுக்காத தரை, கைப்பிடிக் கம்பி, மேல்நாட்டுக் கழிப்பறை, நல்ல வெளிச்சம். பிப்ரவரி ஏழாம் தேதி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவான். அவள் அதில் தனியாகப் போய்க் குளித்துத் தனியாக வெளியே வந்தால் இங்கே இருக்கலாம். பயந்தாலோ, முடியாவிட்டாலோ, திரும்ப மதுரைக்கே. இனி அங்கேதான். வீட்டை வாடகைக்கு விட்டுவிடுவான்.

"அப்போ நான்?" என்று நான் கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை நான்.

காருக்குள் லில்லி சன்னல் கண்ணாடியை இறக்கி, "கருவேப்பிலைக்குத் தண்ணி ஊத்து" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு மதுரையில் நாலாவது மாடியில் என்ன வேலை? அங்கே யாருடன் சண்டை போடுவாள்?

வேலையெல்லாம் கொத்தனார் செய்யட்டும், விளக்கு மட்டும் என் பொறுப்பு, எலெக்ட்ரீசியன் வேண்டாம் என்று கிங்ஸ்லியிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். ஏன் மாமா இவ்வளவு பிடிவாதம் என்றான். 1981 சர்ச் கன்வென்ஷன் கூட்டத்துப் பந்தலில் நானூற்றிருபது டியூப்லைட்டை மாலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு ஒரே சுவிட்சில் எரிய வைத்தவன் நான் என்றேன்.

ஜனவரி 5, திங்கள்

கொத்தனார் இசக்கி வந்தார். மானூர்க்காரர். பழைய தரையைப் பெயர்த்ததும் ஒரே தூசி. எந்தெந்த இடத்தில் இடிக்க வேண்டும் என்று கூடவே நின்று சொல்லிக்கொடுத்தேன். மத்தியானத்துக்கு மேல் அவர், "அண்ணாச்சி, நீங்க வாசல்ல உக்காந்து சிமென்டு மூடையப் பாத்துக்கிடுங்க, எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்" என்றார். பொறுப்பான ஆளிடம்தான் பொறுப்பைக் கொடுப்பார்கள்.

வாசலில் உட்கார்ந்தால் நட்சத்திரம் தலைக்கு மேலேயே தொங்குகிறது. கிறிஸ்துமஸ் காலம் நாளையோடு முடிகிறது, எல்லா வீட்டிலும் கழற்றிவிடுவார்கள். எனக்கு இப்போது ஏணி ஏற நேரமில்லை.

ஜனவரி 9, வெள்ளி

காஜா மைதீன் கடைக்குப் போனேன். மேலப்பாளையத்துக்காரர், என் வயதுதான், எலெக்ட்ரிக்கல் கடை வைத்து நாற்பது வருஷம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கடை அடைக்கிற நேரம். அதற்குள் முடித்துவிடலாம் என்று போனேன், பேச்சில் நேரம் போய்விட்டது.

இரண்டு விளக்கு தேர்ந்தெடுத்தேன். ஒன்று கூரையோடு ஒட்டியிருக்கும் வட்ட விளக்கு. தண்ணீர் தெறித்தாலும் உள்ளே போகாத மூடி போட்டது. இன்னொன்று கண்ணாடிக்கு மேலே வைக்கிற நீள விளக்கு. ஒன்று போனாலும் இன்னொன்று எரியும். ஒரு நாளும் அந்த அறை இருட்டாகக் கூடாது. காஜாவே அசந்துவிட்டார்.

"மாட்டுறதுக்கு ஆள் அனுப்பட்டா வே?" என்றார்.

வேண்டாம் என்றேன்.

"ஒரு ஹோல்டர் மாட்டுத வேல இல்ல வே இது. புதுசா கம்பி இழுக்கணும்."

எனக்கே பாடமா என்று சிரித்தேன். கிளம்பும்போது, "ஆமா, ஒம்ம வீட்டு ஸ்டாரு என்ன இன்னும் தொங்குது? நேத்து பஸ்ஸுல போகும்போது பாத்தேனே" என்றார். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கும்வரை வைக்கலாம் என்று சில தேசங்களில் இருக்கிறது என்றேன். எந்தத் தேசம் என்று அவர் கேட்பதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

ஜனவரி 13, செவ்வாய்

தரை முடிந்தது. சொரசொரப்பான கல். தண்ணீர் ஊற்றிவிட்டு நானே வெறுங்காலில் பதினேழு தடவை நடந்து பார்த்தேன். இசக்கி வாசல்படியில் நின்று எண்ணினார். வழுக்கவில்லை. கைப்பிடிக் கம்பியில் என் முழு எடையையும் போட்டுத் தொங்கினேன். "அண்ணாச்சி, அது தொங்குறதுக்கு இல்ல, புடிக்கிறதுக்கு" என்றார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார். ஐந்து நாள் வர மாட்டார்.

ஜனவரி 17, சனி

வீட்டில் சத்தமே இல்லை. கருவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

ஜனவரி 20, செவ்வாய்

கண்ணாடி விளக்குக்குச் சுவரில் துளை போட்டேன். டிரில் மிஷின் வாடகைக்கு எடுத்து வந்தது. டைல்ஸ் கல்லில் துளை போடும்போது சுத்தியல் மாதிரி இடிக்கிற விசையை அணைத்துவிட வேண்டும் என்று இசக்கி சொல்லியிருந்தாராம். என் காதுக்கு எட்டவில்லை. கல்லில் ஒரு சின்ன விரிசல். சின்னது என்றால் ஒரு சாண்.

இசக்கி பீடி பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார். அந்த விரிசலை மறைத்து சோப்புத் தட்டைப் பொருத்திவிட்டேன். கை எட்டும் தூரத்தில் சோப்பு. லில்லி குனிய வேண்டியதில்லை. முதலிலேயே நான் அப்படித்தான் திட்டம் போட்டிருந்தேன்.

ஜனவரி 22, வியாழன்

வெற்றி.

மெயினை அணைத்தேன். இசக்கி சுவரில் பதித்துவைத்த பைப்பில் புதுக் கம்பி இழுத்தேன். வராந்தாவில் மேலே இருக்கிற பெட்டியில்தான் பழைய கம்பிகள் வந்து சேர்கின்றன. அங்கே இரண்டும் ஒரே நிறம், காலத்தால் கறுத்துப்போனவை. எது கரண்டு வருகிற கம்பி, எது திரும்பிப் போகிற கம்பி என்று சாதாரண ஆளுக்குத் தெரியாது. நான் விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிட்டேன். சேர்த்தேன். மெயினைப் போட்டேன். மாலை சரியாக நான்கு முப்பத்திரண்டுக்கு இரண்டு விளக்கும் எரிந்தன.

என்ன வெளிச்சம். தரைக் கல்லில் உள்ள சொரசொரப்புக்கூட நிழல் போடுகிறது. அந்த அறைக்குள் ஒரு மூலைகூட இருட்டு இல்லை. கொஞ்ச நேரம் உள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு அதிசயமும் உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் இரண்டு விளக்கும் முழுதாக அணைவதில்லை. மின்மினி மாதிரி மெல்ல ஒளிர்ந்துகொண்டே இருக்கின்றன. இது நான் கம்பி சேர்த்த விசேஷ முறையால் வந்தது. சுவிட்சைத் தொடாமலே உள்ளே கால் வைக்கலாம். லில்லிக்காகவே செய்த ஏற்பாடு.

இந்த முறையைக் கம்பெனிக்காரர்களுக்கு எழுதிப்போட வேண்டும்.

ஜனவரி 23, வெள்ளி

லில்லி போன் பண்ணினாள். வழக்கமாகப் பத்து நிமிஷம் பேசுகிறவள், இன்று அரைமணி நேரம்.

மருமகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளாம். குளிக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டே நிற்கிறாளாம். பேரப்பிள்ளைகள் கதவைத் தட்டி, "ஆச்சி விழுந்துட்டியா" என்று கேட்கிறார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அண்ணே, எனக்கு பாத்ரூம் கதவப் பாத்தாலே கால் நடுங்குது. இவன்ட்ட சொல்லல. சொன்னா அங்க விடமாட்டான்."

அணைத்தாலும் அணையாத விளக்கைப் பற்றிச் சொன்னேன். "அப்படியா" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம்.

"ஸ்டார எடுத்தாச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. நேரமில்ல."

"இருக்கட்டும்" என்றாள்.

ஜனவரி 24, சனி

அணையாத விளக்கைப் பார்க்க காஜா மைதீனை நானே கூப்பிட்டேன். அவர் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார்.

"சுவிட்ச அணைச்சிருக்கீரா வே?"

"அணைச்சிருக்கேன்."

ஸ்டூலில் ஏறிக் கண்ணாடி விளக்கின் மூடியைக் கழற்றி, கம்பி சேருமிடத்தில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது. கூரை விளக்கிலும் வைத்தார். எரிந்தது.

"பொறவு இது என்ன? கரண்டு உள்ள வந்து சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. நீரு அது வெளிய போற வழிய அடச்சிட்டு, வாசலப் பூட்டிட்டேன்னு சொல்லுதீரு. சுவிட்சு வரவேண்டியது உள்ள வர்ற கம்பில. நீரு போற கம்பில மாட்டிருக்கீரு."

மெல்லிய வெளிச்சம்தானே என்றேன்.

"உம்ம தங்கச்சி சுவிட்ச அணைச்சிட்டு ஈரக் கையோட இதத் தொடச்சா என்ன ஆவும்னு தெரியுமா உமக்கு?"

கீழே இறங்கி டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டார். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, குடித்தார். போகும்போது தோளில் கை வைத்து, திங்கட்கிழமை ஆள் அனுப்புகிறேன் என்றார்.

ஜனவரி 25, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனேன். யாரிடமும் பேசவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

நேற்று காஜா அனுப்பிய எலெக்ட்ரீசியனிடம், ஒரே ஒரு தடவை நானே சரி செய்து பார்க்கிறேன், நீங்கள் வந்து பரிசோதனை மட்டும் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அவர் மறுபடி டெஸ்டர் வைத்துப் பெட்டியில் எந்தக் கம்பி எது என்று காட்டி, ஒன்றில் சிவப்புத் துணியும் மற்றதில் கறுப்புத் துணியும் கட்டிவிட்டு, பரிசோதனைக்கு முன்னால் பாத்ரூம் லைனின் ப்யூஸைப் போடக் கூடாது என்று சொல்லிப் போனார்.

இன்று எல்லாவற்றையும் பிரித்தேன். மெயினை அணைத்து, ப்யூஸ் கட்டையைப் பிடுங்கி என் மடியில் கட்டிக்கொண்டேன்.

லேப்பில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன் என்பது சத்தியம். நான் எடுத்துக் கொடுத்த பேட்டரிகள் ஒன்றரை வோல்ட் என்பதையும் எழுதிவைக்கிறேன். அதைத் தொட்டு யாரும் சாக மாட்டார்கள்.

சிவப்புத் துணி கட்டின கம்பியை சுவிட்சுக்குக் கொண்டுபோனேன். சுவிட்சிலிருந்து விளக்குக்கு. கறுப்பை நேரே விளக்குக்கு. எர்த்துக்கான பச்சைக் கம்பியைக் கண்ணாடி விளக்கின் தகட்டில் முறுக்கினேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் செய்தேன். கை வேர்த்து ஸ்குரூ மூன்று தடவை கீழே விழுந்தது. தரையில் உட்கார்ந்து தேடினேன். அந்த இடத்தில்தான் அவள் விழுந்துகிடந்தாள். அங்கே உட்கார்ந்தால் உயரத்தில் வெண்டிலேட்டர் வழியாக வாசல் பக்கத்து வானம் தெரிகிறது. எனக்கு அது இத்தனை நாள் தெரியாது.

பிப்ரவரி 2, திங்கள்

எலெக்ட்ரீசியன் வந்து பரிசோதித்தார். சுவிட்சை அணைத்தால் இரண்டும் சுத்தமாக அணைகின்றன. டெஸ்டர் எரியவில்லை. ஒரு ஸ்குரூவை மட்டும் அரைத் திருகு முறுக்கிவிட்டு, "நல்லாப் பண்ணிருக்கீங்க பெரியவரே" என்றார். நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை என்றார். அவருக்கு முப்பது வயது இருக்கும்.

சரி, அவர் முதல் வாக்கியம் மட்டும்தான் சொன்னார்.

பிப்ரவரி 7, சனி

வந்தார்கள்.

கிங்ஸ்லி நேரே பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தான். தண்ணீரை ஊற்றித் தேய்த்துப் பார்த்தான். கம்பியை ஆட்டினான். சோப்புத் தட்டைத் தூக்கிப் பார்த்தான். விரிசலைப் பார்த்தான். என்னையும் பார்த்தான். "வெளிச்சம் நல்லா இருக்கு மாமா" என்றான்.

லில்லி மெலிந்திருந்தாள். வாக்கரை ஊன்றிக்கொண்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பாத்ரூம் வாசல்வரை வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். நான் இரண்டு விளக்கையும் போட்டுவைத்திருந்தேன். உள்ளே பகல் மாதிரி இருந்தது. அவளோ வாசற்கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாக்கரின் கால்கள் தரையில் டொக் டொக்கென்று அடித்தன.

கிங்ஸ்லி, "வேண்டாம்மா, நம்ம அங்கயே போயிரலாம்" என்றான். நல்ல பிள்ளைதான். அவன் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

லில்லி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீ இங்கனயே நில்லு. பேசிக்கிட்டே இரு."

"என்னத்தப் பேச?"

"எதையாவது பேசு. பந்தல் கதையச் சொல்லு."

உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள், தாழ் போடவில்லை. நான் கதவோடு ஒட்டி நின்றுகொண்டு 1981 கன்வென்ஷன் பந்தலைச் சொல்ல ஆரம்பித்தேன். நானூற்றிருபது டியூப்லைட் என்றேன். உள்ளேயிருந்து, "போன தடவ முந்நூறு" என்று குரல் வந்தது. பிஷப் என்னைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார் என்றேன். "அவர் அன்னைக்கு ஊர்லயே இல்ல" என்றாள். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் விடவில்லை. காற்றடித்துப் பந்தல் சாய்ந்தது, நான் ஒற்றை ஆளாகக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்றேன். "டியூப்லைட்ட எடுத்துக் குடுத்ததுதான் நீ" என்றாள். தண்ணீர் மோந்து மோந்து ஊற்றினாள். கதையில் இதுவரை இல்லாத மழையைக்கூடக் கொண்டுவந்தேன். பந்தல் நனைந்தது, ஜனங்கள் ஓடினார்கள், நான் ஓடவில்லை. கிங்ஸ்லி வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தது. ஈரத் தலையும் துண்டுமாக வாக்கரைத் தள்ளிக்கொண்டு அவளே வெளியே வந்தாள். "வெளிச்சம் கண்ணக் கூசுது" என்றாள்.

கிங்ஸ்லி மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தனியாக மதுரைக்குக் கிளம்பினான். போகும்போது, "அம்மா குளிக்கும்போது நீங்க வெளிய எங்கயும் போகாதீங்க மாமா" என்றான். நான் எங்கே போகப்போகிறேன்.

பொழுது சாய்ந்ததும் லில்லி வாசலில் நாற்காலி போடச் சொன்னாள். உட்கார்ந்து மேலே பார்த்தாள். காகிதம் வெயிலில் பழுத்து, ஒரு மூலை கிழிந்து தொங்கியது.

"ஸ்டாரப் போடு."

"பிப்ரவரி மாசத்துல யாராவது..."

"போடுண்ணே."

போட்டேன். நன்றாகத்தான் எரிந்தது. வெள்ளைக் காகிதத்தின் நடுவில், மை தொட்டு வைத்த மாதிரி, ஒரு நீலக் கறை தெரிந்தது. தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, என்ன விசேஷம் என்று கேட்டார். லில்லி வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றேன்.

அவர் போன பிறகு லில்லி மெதுவாகப் பேசினாள்.

"என்ன ஆட்டோல ஏத்தினீயள்லா, அப்பவே பாத்தேன். மேல ஸ்டாருக்குள்ள நீலம் தெரிஞ்சுது. வலியிலயும் எனக்குச் சிரிப்பு வந்துது."

நான் அந்த நீலக் கறையைப் பார்த்தேன்.

"ஏம் சொல்லல?" என்று எப்படியோ கேட்டேன்.

"சொன்னா கிங்ஸ்லி உன்ன இந்த வீட்டுல விட்டுவைப்பானா? இனியும் அவன்ட்ட சொல்லப்பிடாது. நீ எல்லாத்தையும் எல்லார்ட்டயும் சொல்லுத ஆளு. இத மட்டும் வயித்துக்குள்ள வச்சுக்கோ."

சரி என்றேன்.

"நீ புளுகும்போது மணியச் சுத்தமாச் சொல்லுவ, தெரியுமா? ஆறு நாப்பதாம். அங்க ஆறு நாப்பதுக்கு யாரு கடிகாரத்தப் பாத்தா?"

அதன் பிறகு அவள் மருமகளின் சாம்பாரில் என்ன குறை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்றும் குளித்தாள். இன்று மழையை விட்டுவிட்டு, பந்தலில் யானை வந்த கதையைச் சொன்னேன். தாழ் போட்டுக்கொண்டாள்.

நட்சத்திரத்தை இறக்கி, காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மூங்கிலை அடுத்த டிசம்பருக்குக் கட்டி வைத்தேன். பல்பைத் துணியில் சுற்றி லில்லியிடம் கொடுத்தேன். அவள் அதைச் சமையலறை ஹோல்டரில் மாட்டச் சொன்னாள். மாட்டியாயிற்று. அவள் அரிசி களைகிற இடத்தில் சுவரில் கொஞ்சம் நீலம் விழுகிறது.

கிங்ஸ்லியிடம் சொல்லக் கூடாது. வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

டிசம்பர் இருபதாம் தேதி எழுதிய பக்கத்தை அடித்துவிட்டேன். அந்த பல்பு போகப்போகிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அது ப்யூஸ் போகவும் இல்லை. நட்சத்திரம் முடிந்தது, உள்ளே போட வீட்டில் வேறு பல்பு இல்லை. கடைக்குப் போய் வருவதற்குள் ஒரு தடவை எரியவிட்டுப் பார்த்துவிடலாம் என்று, நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றினேன். பிறகு வாசலில் நின்று எல்லோரிடமும் பெருமை பேசினதில் கடைக்குப் போக மறந்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு கழற்றினேன். மணி என்ன என்று பார்க்கவில்லை.